குறுக்கே வராத மாடு

நேற்று மத்தியானம் என் தங்கை நகச்சாயத்தை அழித்துக்கொண்டிருந்தாள். சின்னப் பாட்டிலிலிருந்து எதையோ பஞ்சில் ஊற்றினாள். அவ்வளவுதான். அந்த நெடி மூக்கில் ஏறியதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். குழம்பில் உப்புக் கூடிவிட்டதா என்று அம்மா கேட்டாள். இல்லை என்றேன். தியேட்டர் ஆப்பரேட்டர் அறையின் நெடி அது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அறுந்த ஃபிலிமை ஒட்ட ஒரு பசை வைத்திருப்பார்களே, மூடியைத் திறந்தால் கண் எரியுமே, அந்த நெடி. உனக்குச் சொன்னால் உடனே புரியும். உனக்குத்தான் சொல்ல வழியில்லை. அதனால் எழுதுகிறேன், மாப்ள.

இப்போதுள்ள பையன்களிடம் நாம் பார்த்த வேலையைச் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள். இரண்டு ஊரில் ஒரே படம் ஓடியது என்றால் அதில் என்ன அதிசயம் என்கிறார்கள். படப்பெட்டி ஒன்றுதான் என்று சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்க்கிறார்கள். உத்தமபாளையத்தில் ஒரு தியேட்டர், தேவாரத்தில் ஒரு தியேட்டர். இரண்டு முதலாளிகளும் சேர்ந்து ஒரே ஒரு பிரிண்டுக்கு வாடகை கட்டுவார்கள். பாளையத்தில் ஆட்டம் முதலில் தொடங்கும். ஓடி முடிந்த ரீல்களைப் பையில் போட்டுக்கொண்டு நீ கிளம்புவாய். தேவாரத்திலிருந்து நான் வெறும் பையோடு கிளம்புவேன். கோம்பையைத் தாண்டி, எங்கள் ஊர் வளைவில் இருக்கும் சின்னப் பாலத்தில் சந்திப்போம். உன் தோளிலிருந்த பை என் தோளுக்கு மாறும். அடுத்த ரீல்களை எடுக்க நீ திரும்பிப் போவாய். நான் தேவாரத்துக்குப் பறப்பேன்.

நான் போய்ச் சேரும்வரை எங்கள் ஆப்பரேட்டர் ஜவுளிக்கடை சிலைடையும் சோடாக் கம்பெனி சிலைடையும் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருப்பார். கொஞ்சம் பிந்தினால் விசில் கிளம்பும். இன்னும் பிந்தினால் நாற்காலி உடையும். வாடகை மிச்சம் முதலாளிகளுக்கு, அவசரம் நமக்கு. அப்போது அது அநியாயம் என்று கூட நமக்குத் தோன்றவில்லை. வண்டி ஓட்டுவதற்குப் பெட்ரோலும் போட்டுச் சம்பளமும் தருகிறார்களே என்று இருந்தோம்.

பையன்கள் அடுத்துக் கேட்பது ஒன்றுதான். "அப்ப எல்லாப் படத்தையும் ஓசியிலேயே பாத்திருப்பீகளேண்ணே?" அங்கேதான் எனக்குச் சிரிப்பு வரும். நாம் ஒரு படத்தையாவது முழுதாகப் பார்த்தோமா? முதல் ரீல்கள் ஓடி முடியும்வரை நீ கொட்டகையில் நிற்பாய், அதனால் படங்களின் தொடக்கம் உனக்குத் தெரியும். கடைசிப் பையைக் கொடுத்துவிட்டு நான் உட்காருவேன், அதனால் முடிவு எனக்குத் தெரியும். நடுவில் உள்ளதெல்லாம் ரோட்டில் போய்விடும். பாலத்துக் கட்டைச்சுவரை ஒட்டி நின்றபடி நீ தொடக்கத்தைச் சொல்வாய், நான் முந்தின நாள் பார்த்த முடிவைச் சொல்வேன். நடுக்கதையை நாமே கட்டிக்கொள்வோம். பல படங்களுக்கு நம் நடுக்கதை அவர்கள் எடுத்ததைவிட நன்றாக இருந்தது என்று பின்னால் தொலைக்காட்சியில் பார்த்தபோது தெரிந்தது.

முதல் நாள் நீ என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது. என் சுசுகியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏப்பா, இது வண்டியா தையல் மிசினா?" என்றாய். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. உன்னுடையது மட்டும் என்ன, நாலு கை மாறிய யமஹாதானே, சைலன்சரைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தாயே என்று திருப்பிக் கேட்டேன். நீ கோபிக்கவில்லை. கம்பி கட்டினால்தான் சத்தம் சரியாக வருகிறது என்று ஒரு பெரிய விளக்கம் கொடுத்தாய். கோம்பைக்கு இந்தப் பக்கம் வரும்போதே உன் சத்தம் எனக்குக் கேட்கும். கோம்பை நாய்களுக்கும் கேட்கும். அந்த ஊரே நாய்களுக்குப் பேர் போனது. மற்ற வண்டிகளைத் துரத்தும், உன்னை வழியனுப்பி வைக்கும். மேட்னி எத்தனை மணிக்கு என்று அவற்றுக்குத் தெரியும் என்பாய். நீ தினமும் பொறை ரொட்டி வாங்கிப் போட்டது எனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தாய்.

அதே நாய்களில் ஒன்றுதான் என்னைக் கீழே தள்ளியது. பாளையத்தில் ஒரு வேலையாகப் போய்த் திரும்பும்போது குறுக்கே பாய்ந்தது. முழங்கை முழுக்கத் தோல் உரிந்துவிட்டது. பின்னால் வந்த நீ எங்கிருந்தோ காப்பித்தூள் வாங்கிவந்து காயத்தில் அப்பினாய். நான் அலறினேன். "கத்தாத. நாய் உன்னயப் பாத்துப் பயந்துரும்" என்றாய். அன்று என் கையைப் பார்த்த முதலாளி, பெட்டி எதுவும் கையில் இல்லையே என்று ஒரு தரம், ஃபிலிமுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு தரம் கேட்டார். கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. தலைக்கு ஏதாவது போட்டுக்கொள்ள வாங்கித் தரக்கூடாதா என்று நீ உன் முதலாளியிடம் கேட்டாய். அடுத்த வாரம் அவர் வாங்கித் தந்தது ரெக்சின் உறை. ரீல் பைக்கு. மழை பட்டால் ரீல் கெட்டுவிடுமாம். நீ அந்த உறையைத் தலையில் மாட்டிக்கொண்டு பாலத்தில் என் முன்னால் நடந்து காட்டினாய். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நோன்பு மாதத்தில் எச்சில்கூட விழுங்காமல் வெயிலில் ஓட்டுவாய். சாயங்கால ஆட்டத்துக்கு ரீல் மாற்றும் நேரமும் நீ நோன்பு திறக்கும் நேரமும் ஒன்றாக வரும். பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் ஊற்றி, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு வருவாய். பாதி வழியிலேயே சிந்திவிடும். மீதியை நாம் இரண்டு பேரும் குடிப்போம். ஒரு நாள் உன் அம்மா இரண்டு தூக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒன்று உனக்கு, ஒன்று மாயக்காவுக்கு. எனக்கு எங்கே என்றேன். "நீ வருசம் பூரா தின்னுகிட்டுத்தானே இருக்க" என்றாய்.

மாயக்காவைப் பற்றிச் சொல்லாமல் அந்த வளைவைப் பற்றிச் சொல்ல முடியாது. பாலத்தை ஒட்டிய மானாவாரிக் காடு அவளுடையது. புருசன் இல்லை, ஒரே மகள் கட்டிக்கொடுத்துப் போய்விட்டாள். ஐப்பசி மழையை நம்பிக் கொள்ளு விதைப்பாள். தை பிறந்ததும் கொடியைப் பிடுங்கிக் காயவைத்து, ரோட்டில் பரப்புவாள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி நெற்று உடையும். சாயங்காலம் கொடியை உதறி ஓரத்தில் அள்ளிப் போட்டுவிட்டு, தாரில் கிடக்கும் மணியை மிளாறுத் துடைப்பத்தால் கூட்டிக் குவிப்பாள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். நம் இரண்டு வண்டியையும் அவள் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

"ஏலே பொட்டிக்காரா, சும்மாதான போறீக. ரெண்டு ரவுண்டு சேத்து அடிச்சுட்டுப் போங்க" என்பாள்.

நீ அடிப்பாய். பையை என்னிடம் கொடுத்துவிட்டு, கொள்ளுக் கொடி மேல் வண்டியை விட்டு முன்னும் பின்னும் போய் வருவாய். எனக்குப் பயமாக இருக்கும். நீதான் பழக்கினாய். கொடி மேல் ஏறிவிட்டால் பிரேக்கைத் தொடாதே, திருப்பாதே, வண்டி போகிற போக்கில் விட்டுவிடு என்பாய். அந்த வித்தையைக் கற்றுக்கொண்ட பிறகு நாம் அதை விளையாட்டாகவே ஆக்கிவிட்டோம். வண்டி ஓட்டுகிறவன் பார்த்துப் பதற வேண்டிய ஒன்றை நாம் சிரித்துக்கொண்டே ஓட்டினோம். கண்ணுக்குத் தெரிகிற கொள்ளு நம்மை ஒருநாளும் தள்ளிவிடவில்லை.

கொடியைப் புரட்டிப் போட்டபடி மாயக்கா கதை கேட்பாள். அவள் தியேட்டர் பக்கம் போனவளே இல்லை. நீ கதாநாயகன் ஊருக்குள் வருவதைச் சொல்வாய். நான் அவன் வில்லனைக் கொல்வதைச் சொல்வேன். நடுவில் என்னதான் நடந்தது என்று கேட்டுத் துளைப்பாள். நீ ஒன்று சொல்வாய், நான் வேறொன்று சொல்வேன், நமக்குள் சண்டை வரும். "ரெண்டு பேரும் சேந்தாத்தான்டா ஒரு ஆளு" என்று அவள் முடித்துவைப்பாள். போகும்போது தூரத்திலிருந்து கையை உயர்த்திக் காட்டுவாள். நீ ஒரு கையை எடுத்துத் திரும்பக் காட்டுவாய். தினமும் நடக்கிற காரியம்.

இனி எழுதப்போவதை நீ பார்த்திருக்க முடியாது. அதனால் சொல்கிறேன்.

அந்தத் தையில் பொங்கல் படம் வந்திருந்தது. இரண்டு ஊரிலும் கூட்டம். மேட்னிக்கு முந்தைய ஆட்டத்துக்கு நாம் வந்துபோனபோது வளைவு முழுக்கக் கொடி கிடந்தது. வழக்கம்போல மெதுவாகப் போனோம். நாம் போன பிறகு ஒரு போலீஸ் ஜீப் வந்திருக்கிறது. மேல்நிலைத் தொட்டி ஒன்றைத் திறந்துவைக்க யாரோ பெரிய மனிதர் அந்த வழியாக வருகிறாராம். ரோட்டில் குப்பை கிடக்கக் கூடாதாம். கொடியை உடனே எடு என்று மாயக்காவை விரட்டியிருக்கிறார்கள். கொடியை எடுத்தால் மட்டும் ஆகாது, மணியைக் கூட்ட வேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்று அவள் கெஞ்சியிருக்கிறாள். ஒரு போலீஸ்காரர் அவள் கையிலிருந்த மிளாறைப் பிடுங்கிக் காட்டுக்குள் எறிந்திருக்கிறார். ஆள் வைத்துக் கொடியை இழுத்து ஓரத்தில் தள்ளிவிட்டுப் போனார்கள். வண்டிகள் வரிசையாக வந்தன, போயின. பெரிய கார்களைக் கொள்ளு மணி என்ன செய்யும்?

மேட்னி ரீலுக்காக நான் பாலத்துக்கு வந்தபோது கார்கள் போய்விட்டன. மாயக்கா மிளாறைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து வளைவின் மறுகோடியில் கூட்டத் தொடங்கியிருந்தாள். ரோடு கழுவிவிட்டது போல இருந்தது. மணி மட்டும் அப்படியே கிடந்தது. ரோட்டின் நிறத்தில்தானே இருக்கிறது கொள்ளும். உன் சத்தம் கேட்டது. மாயக்கா நிமிர்ந்தாள். மிளாறைப் போட்டுவிட்டுக் கையை உயர்த்தினாள். நில் என்று காட்டினாள்.

நீ ஒரு கையை எடுத்துத் திரும்பக் காட்டினாய்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒவ்வொன்றாக எழுத எனக்கு மனமில்லை. பின் சக்கரம் ஓரம் போனது. நீ பிரேக்கைத் தொட்டிருக்க மாட்டாய், அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கைதானே ஹேண்டிலில் இருந்தது. பாலத்துக் கட்டையில் உன் தலை மோதிய சத்தம் பெரிதாகக்கூட இல்லை. பை திறந்துகொண்டு ரீல்கள் உருண்டன. ஒரு ரீல் ரோடு நெடுக ஃபிலிமை விட்டுக்கொண்டே போய் ஓடையில் விழுந்தது. ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்த் திரும்பிய ஜீப் ஒன்று நின்றது. அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் ஒன்றும் கேட்காமல் உன்னை மடியில் வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி தன் சேலையைக் கிழித்து உன் தலையைச் சுற்றினாள். கோம்பையைத் தாண்டும்போது நீ போய்விட்டாய் என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

அன்று சாயங்கால ஆட்டம் நடந்தது, தெரியுமா? மாயக்கா நின்ற இடத்திலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, தியேட்டரிலிருந்து வந்தவர்கள் ஃபிலிமைப் பொறுக்கி, ஓடைச் சேற்றைத் துடைத்து எடுத்துப் போயிருக்கிறார்கள். ஆப்பரேட்டர் அறுந்த இடத்தை ஒட்டினார். ஒரு பாட்டில் இரண்டு வரி குறைந்தது. கொட்டகையில் விசிலடித்தார்கள்.

அவர்கள் ஃபிலிமை ஒட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் காவல் நிலையத்தில் இருந்தேன். உன் அத்தா பழக்கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். உன் மாமுவும் இன்னும் நாலைந்து பேரும் கூட வந்திருந்தார்கள். வெளிச்சம் இருக்கும்போதே அடக்கம் பண்ண வேண்டும் என்பதுதான் எல்லோருடைய பதைப்பும். கேஸ் காகிதம் முடிந்தால்தான் ஆஸ்பத்திரியில் உன்னைத் தருவார்கள். மாயக்காவையும் கொண்டுவந்து சுவரோரம் தரையில் உட்காரவைத்திருந்தார்கள். அவள் முந்தானையில் கொள்ளு மணிகள் ஒட்டியிருந்தன.

ஸ்டேஷன் ரைட்டர் ரொம்பப் பொறுமையாகப் பேசினார். அந்தப் பொறுமைதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. "பாய், ரெண்டு வழி இருக்கு. பையன் குடிச்சுட்டு வேகமா வந்தான்னு எழுதுனா இப்பவே முடிஞ்சுரும். இல்ல, ரோட்டுல கொள்ளப் போட்டாள்னு இந்தப் பொம்பள மேல போடுவோம், அவ உள்ள போயிருவா. நீங்க எதச் சொல்றீகளோ அத எழுதிக்கிறேன்."

உன் அத்தா தலையை ஆட்டினார். "எம் மகன் குடிக்க மாட்டான்." அது உண்மைதான். பீடி மட்டும் குடிப்பாய். அது எனக்கும் மாயக்காவுக்கும் தெரியும், நாங்கள் இருவரும் அன்று வாயைத் திறக்கவில்லை.

உன் மாமு கொதித்துப்போய் இருந்தார். இவள் போட்ட கொள்ளில்தானே போனான், இவள் மேல் போடு என்றார். நான் குறுக்கே புகுந்தேன். கொள்ளு கிடந்தபோது நாங்கள் ஓட்டிக்கொண்டுதான் இருந்தோம், கூட்ட விடாமல் விரட்டியது போலீஸ்தான், அதை எழுதுங்கள் என்றேன். ரைட்டர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. பின்னால் நின்ற போலீஸ்காரர் விட்ட அறையில் எனக்குக் காது அடைத்துவிட்டது. கார் எதுவும் அந்த வழியே வரவில்லை, தெரியுமா என்றார் அவர்.

அப்போது மாயக்கா பேசினாள். அழுகை இல்லை.

"எம் பேர்லயே எழுதிக்கங்கய்யா. கொள்ளு என்னோடதுதான. பிள்ளையச் சீக்கிரம் குடுத்துருங்க, அவுக தூக்கிட்டுப் போகட்டும்."

உன் அத்தா அவளைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை அவர் அவள் பக்கம் பார்க்கவே இல்லை. எழுந்து போய் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "இத ரோட்டுல எதுக்கு ஆத்தா போடணும்? ஊருல களம் இல்லையா?" என்றார்.

"இருந்துச்சு பாய். இப்ப அங்கன பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு ஆளுக செங்கச் சூளை போட்ருக்காக. கேட்டா, ரோடு எதுக்கு இருக்குங்கிறாக."

அவர் எழுந்தார். பிறகு ரைட்டரிடம் திரும்பி, இரண்டில் எதுவும் வேண்டாம் என்றார். அப்படியெல்லாம் விட முடியாது, வண்டி சும்மா விழுந்தது என்று எழுதினால் மேலே கேள்வி கேட்பார்கள், ஏதாவது ஒன்று குறுக்கே வந்தாக வேண்டும் என்றார் ரைட்டர்.

"மாடுன்னு எழுதிக்கங்க."

"யாரு மாடு பாய்?"

"யாருதும் இல்லாத மாடு."

ரைட்டர் பேனாவை எடுத்தார். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. போலீஸ் இல்லை, காரில் போனவர் இல்லை, களத்தை விழுங்கியவர் இல்லை, இரண்டு கொட்டகைக்கு ஒரு பெட்டி வாங்கியவர்கள் இல்லை. ஒரு மாடு. உடையவன் பேர் தெரியாத, குறி தெரியாத மாடு. வந்தது, உன்னைக் கொன்றது, எங்கோ போய்விட்டது. அத்தா கையெழுத்துப் போட்டார். பார்த்த சாட்சி என்று என்னையும் போடச் சொன்னார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். போடு என்று கண்ணால் சொன்னார்.

வெளியே வந்ததும் நான் வெடித்துவிட்டேன். இப்படியே விட்டால் நாளைக்கு இன்னொருத்தன் விழுவான் என்றேன். அவர் என் தோளைப் பிடித்தார்.

"புள்ளைய இருட்டுறதுக்குள்ள அடக்கணும். அவனக் குடிகாரன்னு சொல்ல விடக்கூடாது. அந்தப் பொம்பள வீட்டுக்குப் போகணும். இம்புட்டுத்தான் இன்னைக்கு என்னால முடியும். உண்மைய நீ வச்சுக்க."

மஃரிப் தொழுகைக்கு முன்னால் உன்னை அடக்கம் செய்தோம். மண் தள்ள என்னையும் கூப்பிட்டார்கள். முழங்கையிலிருந்த பழைய தழும்பில் மண் ஒட்டியது.

நான் பெட்டி ஓட்டுவதை விட்டுவிட்டேன். உன் இடத்துக்கு வேறு ஆள் வந்தான், என் இடத்துக்கும் வந்தான். பின்னால் எல்லா ஊருக்கும் தனித்தனிப் பிரிண்ட் வரத் தொடங்கி, அந்த வேலையே இல்லாமல் போனது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பாளையத்துக் கொட்டகை கல்யாண மண்டபமாகிவிட்டது. போகட்டும். நான் இப்போது சின்னச் சரக்கு வண்டி வைத்துக் கம்பம் சந்தைக்குத் தக்காளியும் வாழைக்காயும் ஏற்றிப்போகிறேன். ஹெல்மெட் போடச் சொல்லிச் சட்டம் வந்தபோது வளைவில் நின்று பிடித்தார்கள். பிடித்தவர்கள் காலடியில் கொள்ளு காய்ந்துகொண்டிருந்தது.

உன் அத்தா கொடுத்த உண்மையை வைத்துக்கொண்டு நான் சும்மா இருக்கவில்லை. கிராமசபை கூடும்போதெல்லாம் எழுந்து நின்று களத்தைக் கேட்டேன். ஒரு உயிர் போயிருக்கிறது என்றேன். தலைவர் சிரித்தபடி, "எந்த உயிருப்பா? அந்தப் பாளையத்துப் பாய் பையனா? அது மாடு குறுக்க வந்த கேசுல்ல? நீதான சாட்சிக் கையெழுத்துப் போட்ட?" என்பார். கூட்டம் சிரிக்கும். அடுத்த கூட்டத்திலும் இதுதான். ஒரு தடவை யாரோ பின்னாலிருந்து மாடு மாதிரி கத்தினார்கள். அந்தச் சிரிப்பில் ஆத்திரம் தாங்காமல் நாற்காலியைத் தூக்கினேன், பிடித்து உட்காரவைத்தார்கள். மாயக்காவைக் காப்பாற்ற நாம் கட்டிவிட்ட மாடு, அவள் களத்தின் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. உண்மையைச் சொன்னால் பழைய கேஸ் அவள் தலையில் விழும். சொல்லாவிட்டால் களம் சூளையாகவே இருக்கும். வாயைத் திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் இத்தனை வருசம் போய்விட்டது.

இந்த வருசக் குடியரசு தினக் கூட்டம் நடந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நான் எழுந்தேன். தலைவர் பழைய பாட்டைத் தொடங்கினார். அதற்குள் பெண்கள் பக்கத்தில் ஒரு ஆள் எழுந்து நின்றது. மாயக்கா. முதுகு வளைந்துவிட்டது அவளுக்கு.

"மாடு வரல" என்றாள்.

தலைவர் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"எங் கொள்ளுலதான் வழுக்குச்சு. கூட்ட விடாம அடிச்சு வெரட்டுனாக. களத்துல நீங்க சூளை போட்டதால நான் ரோட்டுக்குப் போனேன். எம் மேல கேசு போடுறதுன்னாப் போட்டுக்கங்க, எனக்கு என்ன இனி. ஆனா இத எழுதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. தீர்மானம் எழுதுகிற ஆள் தலைவரைப் பார்த்தான், தலைவர் அவனைப் பார்த்தார். "எழுதுப்பா" என்று ஒரு பெண் சொன்னாள். பிறகு அவளுக்கு அடுத்தவள் சொன்னாள். ரோட்டில் கொள்ளும் சோளமும் காயப்போடுகிற அத்தனை பேரும் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார்கள். எழுதினானா, அல்லது எழுதுவது போல நடித்தானா என்று எனக்குத் தெரியாது. சூளை இன்றும் எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்குப் பிறகு எங்கள் ஊரில் ஒருத்தனும் மாட்டைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் சந்தைக்குப் போகிற வழியில் உன் வீட்டுக்குப் போனேன். அத்தாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. என் குரலை வைத்துக் கண்டுபிடித்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"அந்தம்மாவப் போலீசு எதுவும் பண்ணலையே?"

"இல்லத்தா."

"அப்பச் சரி" என்றார். உள்ளே திரும்பி உன் அம்மாவிடம், இவனுக்குச் சாப்பாடு வை என்றார். நம் தலைமுறைக்குக் கத்தத் தெரியும், மாப்ள. உன் அத்தாவைப் போல ஒரு ஆளைக் கேசில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவைக்கத் தெரியுமா என்று சாப்பிடும்போது யோசித்தேன்.

என்னோடு சரக்கு வண்டியில் வருகிற ஆட்களுக்கு என் மேல் ஒரு குறை உண்டு. ரோட்டோரம் யார் கையை உயர்த்தினாலும் நான் நிறுத்திவிடுகிறேன். தெரிந்தவர்களா, தெரியாதவர்களா, சும்மா கை காட்டுகிற பிள்ளைகளா என்று பார்ப்பதில்லை. சந்தைக்கு நேரமாகிறது என்று பக்கத்தில் இருப்பவன் திட்டுவான். திட்டிக்கொள்ளட்டும். நலம் விசாரிக்கிறார்களா, நில் என்கிறார்களா என்று இறங்கிப் போய்க் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.